நான்கு இட்லியும் வெள்ளைத் தட்டும்

கார்த்திக் அந்த இட்லியை இரண்டு விரலால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டான்.

“என்ன ஆண்ட்டி, இட்லி டயட்ல இருக்கா?”

கூடம் முழுக்கச் சிரிப்பு. முப்பது பையன்கள். கழுத்தில் கம்பெனி அட்டை, காலில் ஷூ, எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். அந்த அவசரத்திலும் சிரிக்க மட்டும் நேரம் இருந்தது.

என் மனைவி சரோஜா சிரிக்கவில்லை. சாம்பார் வாளியோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். சட்னிக்குத் தாளித்த கடுகின் வாசனை அவள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

“அதே தட்டுல ஊத்துன இட்லிதானுங்க கண்ணு. நேத்து மாதிரியேதான் இருக்குது” என்றாள்.

“இல்ல ஆண்ட்டி, இளைச்சுப் போச்சு” என்றான் கார்த்திக். பக்கத்திலிருந்த இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அன்றைக்கு ஆரம்பித்த தலைவலி, சித்திரை பிறக்கும்வரை எங்களை விடவில்லை.

மெஸ் வந்த கதை

பிழைக்க வந்த மராட்டி ஊரில், கசார்வாடியில், நான் வேலை பார்த்த பீரோ கம்பெனி மூடிய விதத்தைப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு என்மேல் இரக்கப்பட்டுச் சிலர் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஐயா, அம்மா, உங்கள் இரக்கத்துக்கு நன்றி. ஆனால் நான் ஒரு நாள்கூடப் பட்டினி கிடக்கவில்லை. கம்பெனி கதவை மூடிய மூன்றாவது மாதமே சரோஜா தன் கதவைத் திறந்துவிட்டாள்.

ஊரின் மறுபக்கம் கராடியில் அப்போதுதான் கண்ணாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. சென்னையிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் பையன்கள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். வந்த மறுநாளே எங்கேயாவது இட்லி கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்து, நான்கு நீள மேஜை போட்டு, சரோஜா மெஸ் ஆரம்பித்தாள். நான் அவளுக்கு உதவியாள். பெயருக்கு நான்தான் முதலாளி. காய் வாங்கப் போவதும் கேஸ் சிலிண்டர் உருட்டுவதும் முதலாளியின் வேலை.

எங்களோடு மங்கல் தாயியும் இருந்தாள். பக்கத்துத் தெரு மராட்டிக்காரி; ‘தாயி’ என்றால் அக்கா. சரோஜாவை ‘வஹினி’, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவாள். சரோஜாவுக்கு மராட்டி முக்கால், மங்கலுக்குத் தமிழ் கால். இரண்டையும் சேர்த்து நாள் முழுக்கப் பேசுவார்கள்.

காலையில் ஆளுக்கு நான்கு இட்லி. அதற்குமேல் வேண்டுமானால் கேட்கலாம். இரண்டு வருடமாக யாரும் கேட்டதில்லை. நான்கே வயிற்றை அடைத்துவிடும். திடீரென்று எல்லாரும் ஐந்தாவது கேட்க ஆரம்பித்தார்கள். கடைசியாக வருகிற ஐந்தாறு பேருக்கு இட்லியே மிஞ்சவில்லை. வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

இட்லிக்கு வெர்னியர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் உள்ளே போய், டிரங்குப் பெட்டியைத் திறந்து, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெர்னியரை எடுத்து வந்தேன். இரும்புத் தகடு, போல்ட் எல்லாவற்றையும் மில்லிமீட்டருக்கும் கீழே அளக்கிற கருவி அது.

“டேய் கார்த்திக், இங்க வா. கண்ணைத் தொறந்து பாரு” என்று சொல்லி, அவன் தட்டிலிருந்த இட்லியை இரண்டு தாடைக்கும் நடுவில் வைத்து அளந்தேன்.

“எழுபத்தெட்டு மில்லி. பாத்துக்க. அச்சு எழுபத்தெட்டு, இட்லி எழுபத்தெட்டு. எங்கடா இளைச்சுது?”

அவன் என்னைப் பார்த்தான், இட்லியைப் பார்த்தான். வெர்னியர் தாடையில் ஒட்டியிருந்த மாவையும் பார்த்தான்.

“அளவு சரி அங்கிள். ஆனா கண்ணுக்குப் பத்தலையே, நான் என்ன பண்றது?”

அன்றைக்கும் சிரிப்புதான். நான் வெர்னியரைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டேன். அதைத் துடைத்தபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஏன் வந்திருக்க வேண்டும் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மாஸ்தரின் இரண்டு பீரோ

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். நான் அந்தக் கம்பெனியில் பெயிண்ட் ஷாப் சூப்பர்வைசர். காலையில் போனால் மாலை வரை தின்னர் வாசனை. வீட்டுக்கு வந்து குளித்தாலும் போகாது. சரோஜா என் சட்டையைத் தனி வாளியில்தான் ஊறவைப்பாள்.

ஓய்வு பெற்ற மராட்டிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இரண்டு பீரோ செய்யச் சொன்னார். இரண்டு மருமகள்களுக்கும் ஆளுக்கொன்று. இரண்டும் ஒரே அளவு, ஒரே தகடு. நிறம் மட்டும் வேறு: சின்னவளுக்குக் கிரீம், பெரியவளுக்குக் கரும்பழுப்பு.

டெம்போவில் ஏற்றி அனுப்பிய மூன்றாம் நாள் மாஸ்தர் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

“அஹோ, ஹே கபாட் லஹான் ஆஹே!” என்றார். பழுப்பு பீரோ சின்னதாம். பெரிய மருமகள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம்.

நான் டேப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே பழுப்பு சின்னதாகத்தான் தெரிந்தது. உயரம், அகலம், ஆழம் என்று மூன்று தடவை அளந்தேன். ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

மாஸ்தர் டேப்பை உற்றுப் பார்த்துவிட்டு, “டேப் பரோபர் ஆஹே, பண் சூன் ஐகத் நாஹி” என்றார். டேப் சரிதான், ஆனால் மருமகள் கேட்க மாட்டேன் என்கிறாளே என்று அர்த்தம். பாவம், அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பழுப்பைத் திரும்பக் கொண்டுவந்து கிரீம் அடித்துக் கொடுத்தேன். மருமகள் சாப்பிட்டாளாம்.

அதற்கப்புறம் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. வெளிர் நிறம் பொருளைப் பெரிதாகக் காட்டும், அடர் நிறம் சுருக்கிக் காட்டும் என்று கண்டவரிடமெல்லாம் பாடம் எடுத்தேன். எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வெள்ளை அடித்து, “பாரு, ஹால் மாதிரி ஆயிருச்சு” என்று சரோஜாவிடம் பெருமை பேசினேன்.

“ஹாலு மாதிரிதானுங்க இருக்குது. கட்டிலைப் போட்டா நடக்கத்தான் எடமில்லை” என்றாள் அவள். மகராசி, எப்போதும் இப்படித்தான். நான் ஊதுகிற பலூனில் ஒரு ஊசியோடு வந்து நிற்பாள்.

கை சுருங்கியதா?

மெஸ்ஸுக்குத் திரும்புகிறேன். சரோஜா முதலில் உளுந்தைச் சந்தேகப்பட்டாள். கடையை மாற்றினாள். அப்புறம் கிரைண்டர் கல்லைக் கொத்தச் சொன்னாள். அப்புறம் வெயிலைக் குறை சொன்னாள். மாவு அதிகமாகப் புளித்து அமுங்குகிறதோ என்று விடிவதற்கு முன்னால் எழுந்து பானையை எட்டி எட்டிப் பார்த்தாள்.

மங்கல் தாயி வேறு காரணம் கண்டுபிடித்தாள். “வஹினி, இட்லீலா நஜர் லாக்லி” என்றாள். இட்லிக்குக் கண் பட்டுவிட்டது! இரண்டு பேரும் சேர்ந்து மிளகாயும் உப்பும் எடுத்து இட்லிக் கொப்பரையைச் சுற்றி அடுப்பில் போட்டார்கள். அந்தப் புகையில் முப்பது பையன்களும் இருமியபடியே சாப்பிட்டார்கள். அன்றைக்கும் ஐந்தாவது இட்லி கேட்டார்கள்.

கடைசியில் குழியில் மாவைத் தளும்பத் தளும்ப ஊற்றிப் பார்த்தாள். மேல் தட்டு கீழ் இட்லியை அமுக்கி, இட்லியெல்லாம் சப்பையாகிப் போனது. நடுவில் வேகவும் இல்லை. அதைப் பற்றிப் பையன்கள் என்ன சொன்னார்கள் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

பங்குனி கடைசியில் ஒரு நாள் கார்த்திக் தனியாக வந்தான். ஷூவைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தான். எப்போதும் ஷூவோடு வருகிறவன் இவ்வளவு மரியாதை காட்டியதைப் பார்த்தவுடனே, கெட்ட செய்தி என்று எனக்குப் புரிந்துவிட்டது.

“ஆண்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. மே ஒண்ணாம் தேதியிலேர்ந்து நாங்க பதினெட்டு பேர் வேற மெஸ்ஸுக்கு மாறிக்கலாம்னு இருக்கோம். உங்க சாம்பார் மாதிரி எங்கயும் கிடைக்காது. ஆனா பசங்க பசியோட ஆபீஸ் போறாங்க ஆண்ட்டி.”

“செரிங்க கண்ணு” என்றாள் சரோஜா. அவன் போன பிறகு அடுப்பு மேடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

“ஏனுங்க, பதினெட்டு பேரு போனாப் போறாங்க. அவீங்க போறது எனக்குப் பெருசில்லை. என்ற கை சுருங்கிப்போச்சுன்னு நெனைச்சுட்டுப் போறாங்களே, அதைத்தாங்க தாங்க முடியிலை. உப்பு ஒறப்புன்னு என்ன வேணாச் சொல்லட்டும், கேட்டுக்கறேன். போடற கை சின்னதுன்னு சொல்லிட்டா அப்பறம் நான் எதுக்குங்க கரண்டியத் தொடோணும்? இந்த மாசத்தோட மூடிப்போடலாமுங்க.”

அவள் அழுது நான் அதற்கு முன் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். வழக்கம்போல அந்தப் பையன்களைத் திட்டினேன். அது அவளுக்கு எந்த ஆறுதலும் தரவில்லை.

இலை போட்ட நாள்

சித்திரை ஒன்று. மதியம் பையன்களுக்கு விருந்து. மூடுகிற மெஸ்ஸானாலும் வருஷப் பிறப்பன்று விருந்து போடாமல் விட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். விருந்துக்காக நறுக்கிய காயெல்லாம் சாப்பாட்டுத் தட்டுகளில் பரப்பி வைத்திருந்ததால், காலை டிபனுக்கும் வாழை இலையே போட்டோம். மாவை வழக்கமான அளவுதான் ஊற்றினாள். தளும்ப ஊற்றுவதை எல்லாம் எப்போதோ விட்டுவிட்டாள்.

நான் சட்னி வாளியோடு சுற்றினேன். ஒரு பந்தி முடிந்தது, இரண்டாவது பந்தியும் முடிந்தது. ஐந்தாவது இட்லியை யாரும் கேட்கவில்லை. சில இலைகளில் நான்காவது இட்லி அப்படியே கிடந்தது.

கார்த்திக் இலையை மடித்துவிட்டு, “ஆண்ட்டி, இதான் பழைய இட்லி! இத்தனை நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?” என்றான்.

சரோஜா கொப்பரையில் மிஞ்சிய இட்லிகளை எண்ணினாள். பதினொன்று. மேஜைமேல் இருந்த இலைகளைப் பார்த்தாள். அப்புறம் காய் வைத்திருந்த தட்டுகளைப் பார்த்தாள்.

விருந்தெல்லாம் முடிந்து பையன்கள் போன பிறகு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். மேடைமேல் ஒரு இலைத் துண்டு, அதில் ஒரு இட்லி. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தட்டு, அதில் ஒரு இட்லி.

“ஏனுங்க, இதுல எது பெருசு?”

“இலையில இருக்கறது. இதென்ன கேள்வி?”

அவள் இரண்டு இட்லியையும் இடம் மாற்றி வைத்தாள். “இப்ப?”

நான் பார்த்தேன். இலையில் இருந்ததுதான் பெரிதாக இருந்தது. பச்சைமேல் அந்த வெள்ளை விளிம்பு பளிச்சென்று பரவித் தெரிந்தது. தட்டில் இருந்ததோ, எங்கே இட்லி முடிகிறது எங்கே தட்டு ஆரம்பிக்கிறது என்றே தெரியாமல் ஒடுங்கிக் கிடந்தது.

தட்டை எடுத்து மறைத்துவிடலாமா என்று பார்த்தேன்.

ஏனென்றால் அந்த வெள்ளைத் தட்டுகளை வாங்கி வந்தது நான். அதற்கு முன் எங்களிடம் இருந்தவை கரும்பச்சை மெலமைன் தட்டுகள். கீறல் விழுந்து அசிங்கமாக இருந்தன. இந்தத் தலைவலி ஆரம்பிப்பதற்குச் சற்று முன், ஹோலி முடிந்த கையோடு, சரோஜாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ரவிவார் பேட்டைக் கடைத்தெருவுக்குப் போய் அதே அளவில் வெள்ளைத் தட்டு வாங்கி வந்தேன். அளவு மாறக் கூடாதென்று பழைய தட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். வெளிர் நிறம் பெரிதாகக் காட்டுமே, பார்க்கப் பெரிய ஹோட்டல் போல இருக்குமே என்ற என் பழைய பீரோ ஞானம்!

தட்டு பெரிதாகத்தான் தெரிந்தது. நான் தட்டையா விற்கிறேன்? அந்த அகலத்தில் இட்லி காணாமல் போய்விட்டது. பெயிண்ட் ஷாப்பில் ஊறிய மனுஷனுக்கு இது தெரியவில்லை. நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை படிக்காதவள், மிஞ்சிய பதினொரு இட்லியை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

“சரோஜா, அந்தத் தட்டு...” என்று இழுத்தேன்.

“தெரியுமுங்க” என்றாள்.

யார் வாங்கிய தட்டு?

மறுநாள் காலை, பந்தி ஆரம்பிக்கும் முன் கார்த்திக்கைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தாள். இலை, தட்டு, இரண்டு இட்லி. எது பெரிசு என்று கேட்டாள். இலையைக் காட்டினான்.

“நீங்களே மாத்தி வைங்க கண்ணு.”

மாற்றி வைத்தான். முகம் மாறியது. மறுபடி மாற்றினான். பின்னால் இருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொருவனும் ஒரு தடவை மாற்றி வைத்துப் பார்த்தான். அந்த இரண்டு இட்லியும் அன்றைக்கு ஊர் சுற்றியே உதிர்ந்துபோயின.

“ஸாரி ஆண்ட்டி” என்றான் கார்த்திக். தலை நிமிரவில்லை. “நாங்க உங்களைப் போயி...”

“அதெல்லாம் உடுங்க” என்றாள். “உங்க மேல தப்பில்லீங்க. பளிச்சுன்னு இருக்கட்டும்னு நான்தான் ஆசைப்பட்டு இந்தத் தட்டை வாங்குனேன். இப்படிச் செய்யும்னு எனக்கு என்னுங்க தெரியும்?”

நான் தண்ணீர் ஜாடியோடு சுவரோரம் நின்றேன். வாயைத் திறந்து ‘இல்லை, வாங்கியது நான்’ என்று சொல்லியிருக்க வேண்டும். வெர்னியர் வைத்து அளந்து அத்தனை பேருக்கு நடுவில் குதித்தவனுக்கு அந்த நேரம் நாக்கு எழவில்லை. பதினெட்டு பேரும் தங்கிவிட்டார்கள், மெஸ் நடந்தது, பச்சைத் தட்டு திரும்ப வந்தது. நான் மட்டும் வாயைத் திறக்கவே இல்லை. இப்போது இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன்: தம்பி கார்த்திக், நீ எங்கே இருந்தாலும் சரி, அந்தத் தட்டுகளை வாங்கியது அங்கிள்தான்.

மூன்று இட்லி

சில வருடங்கள் போயின. மெஸ்ஸை மங்கல் தாயியின் மகள் எடுத்து நடத்த ஆரம்பித்தாள். எனக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர், காலையில் இரண்டு இட்லிக்குமேல் தொடக் கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். முப்பது பேருக்கு நான்கு நான்காகப் பரிமாறியவன் நான், எனக்கு இரண்டா? மூன்று இல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். பெரிய ரகளைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

“செரி, மூணு” என்றாள் சரோஜா.

அவ்வளவு சுலபமாக நான் எந்தச் சண்டையிலும் ஜெயித்ததில்லை. அடுத்த நாளிலிருந்து மூன்று இட்லி. பழைய கரும்பச்சைத் தட்டில் ஒன்றை அவள் மாவு டப்பாவுக்கு மூடியாக வைத்திருந்தாள் போலிருக்கிறது. அதைத் தேய்த்துக் கழுவி அதில்தான் எனக்குப் போடுவாள். தட்டு நிறைய இருக்கும். வயிறும் நிறைந்துவிடும். சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தது. டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மழைக்காலத்தில் ஒரு காலை, குழாய் வாஷர் தேய்ந்து ஒழுகியது. அளவு பார்க்க வெர்னியரை எடுத்திருந்தேன். இட்லித் தட்டு எதிரே வந்தது. என்ன தோன்றியதோ, பழைய ஞாபகத்தில் ஒரு இட்லியைத் தாடைக்கு நடுவில் வைத்தேன்.

அறுபத்தெட்டு.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். அறுபத்தெட்டுதான். மூன்றையும் அளந்தேன். மூன்று சேர்ந்தாலும் பழைய இட்லியில் இரண்டுதான் தேறும். எப்போது புது அச்சு வாங்கினாளோ, எத்தனை மாதமாக நடக்கிறதோ தெரியவில்லை. போடுகிற கை சின்னதென்று யாரோ நினைத்ததற்கே மெஸ்ஸை மூடப் பார்த்தவள், எனக்காகத் தன் கையைத் தானே சுருக்கிக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. வெர்னியரை வேட்டியில் துடைத்து மடியில் மறைத்துக்கொண்டேன். சரோஜா சட்னிக் கிண்ணத்தோடு வந்தாள்.

“இட்லி என்ன, இன்னைக்கு இவ்வளவு பெருசா இருக்குது?” என்றேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சட்னியை ஊற்றினாள்.

“கண்ணு வெக்காதீங்க. சாப்புடுங்க” என்றாள்.